கடற்புழுக்களுக்குப் பெயரிடும் நெறி

தோற்றுவாய்

எமது கல்லூரியின் விலங்கியல் ஆய்வுகூடத்து அலுமாரியிலே, போமலின் நிரம்பிய போத்தல்களின் வரிசையில், நிறம் முற்றும் வெளிறிப்போன நீண்ட புழுவொன்று பல்லாண்டு காலம் இருந்து வந்ததைப் பழைய மாணவர் சிலரேனும் நினைவுகூர்வர். அப்போத்தலின் மேல் ஒட்டப்பட்டிருந்த பெயர்ச்சீட்டை எழுதியவன் யானே. அச்சீட்டில் யான் எழுதிய பெயர் நம்பத்தக்கதன்று என்பதை அறிந்துகொள்ள எனக்கு நெடுங்காலம் சென்றது. இம்மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு கேட்கப்பட்டபோது, அப்பிழையையே தோற்றுவாயாகக் கொண்டு, கடற்புழுக்களை இனங்கண்டு விவரித்துப் பெயரிடும் நெறியை இளைய மாணவர்க்கு எடுத்துரைத்தல் தகும் எனத் துணிந்தேன்.

யான் ஆசிரியப் பணியை ஏற்ற காலத்திலே, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், நீர் வற்றிய வேளையிற் களப்புச் சேற்றைத் தோண்டியெடுத்த செந்நிறப் புழுவொன்றைத் தகரப் பேணியில் இட்டுக் கொண்டு வந்தான். “சேர், இதற்குப் பெயர் என்ன?” என்று கேட்டான். கையிலிருந்த நூலின் இணைக்கவர்ச் சுட்டியை எடுத்து, உணர்கொம்புகளை எண்ணி, பூக்களின் அமைப்பை நோக்கி, அரைமணி நேரத்துள் “மார்பைசா சங்குவினியா” என விடை கூறினேன். அப்பெயர் இங்கிலாந்துக் கரையிலே முதன்முதற் கண்டெடுக்கப்பட்ட புழுவுக்கு இடப்பட்டது என்பதையும் பெருமிதத்தோடு சொன்னேன். அவன் சிறிது நேரம் பேசாதிருந்து, “அங்கிருந்து இங்கே எப்படி வந்தது, சேர்?” என வினாவினான். கடல் ஒன்றுதானே என்று கூறி அவனை அனுப்பிவிட்டேன். என் விடையிலும் அவனது வினாவே சிறந்தது என்பதை இக்கட்டுரையின் இறுதியிற் கண்டுகொள்ளலாம்.

கடற்புழு என்பது யாது?

புழு என்னுஞ் சொல்லால் நாம் பலவகை உயிர்களையும் வழங்குகின்றோம். ஈண்டுக் கருதப்படுவன வளையப் புழுக்களுள் அடங்கும் பொலிக்கீற்றா என்னும் வகுப்பினவாகும். மண்புழுவுக்கும் அட்டைக்கும் இவை உறவினவேயெனினும், பெரும்பாலன கடலில் வாழ்வன. உடல் பல துண்டங்களாக அமைந்திருக்கும். பெரும்பாலானவற்றில் துண்டந்தோறும் இரு மருங்கிலும் தசையாலாகிய பக்கப்பாதங்கள் உள. அவற்றினின்றும் சிலிர்முட்கள் கற்றையாக வெளிப்படும். பல சிலிர்முட்களை உடையன என்பதே வகுப்புப் பெயரின் பொருள்.

இதுவரை விவரிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்ட இனங்கள் பதினோராயிரத்துக்கு மேற்பட்டன. மணற்றுகள்களுக்கிடையே வாழும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்தனவும் உள. மூன்று மீற்றர் நீளத்தை அணுகுவனவும் உள. சில இரை தேடித் திரிவன. சில சேற்றிலே குழாய் அமைத்து அதனுள் ஒடுங்கியிருப்பன. சில சிப்பியோட்டின் மேலும் முருகைக்கல்லின் மேலும் சுண்ணாம்புக் குழாய் கட்டி, வாயிலில் விசிறிபோன்ற உறுப்பை விரித்து நீரை வடித்துண்பன. கடலடிச் சேற்றைக் கிளறிக் காற்றூட்டுவனவும், மீனுக்கும் இறாலுக்கும் இரையாவனவும் இவையே. நிலத்திலே மண்புழு ஆற்றும் தொண்டினைக் கடலடியிலே இவை ஆற்றுகின்றன எனலாம்.

இத்துணைப் பெருங்கூட்டத்துள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிதல் எளிதன்று. மீனுக்குச் செதிலும் செட்டையும், சிப்பிக்கு ஓடும் உறுதியான அடையாளங்களாகும். புழுவின் உடலோ மென்மையானது; சுருங்கும், நீளும், தொட்டாற் சில துண்டுபடும். ஆதலின் தலையின் வடிவு, உணர்கொம்புகளின் தொகை, தாடையின் பற்கள், பூக்கள் தொடங்கும் துண்டத்தின் எண், சிலிர்முட்களின் நுனியமைப்பு ஆகியவற்றையே பற்றுக்கோடாகக் கொள்ளல் வேண்டும். இவற்றுட் பலவும் நுணுக்குக்காட்டியின்றிப் புலப்படாதன.

பெயரும் பொருளும்

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் எனவும் காரணப்பெயர் எனவும் நன்னூலார் பகுப்பர். விலங்கியற் பெயர்களுட் பல காரணப்பெயர் போலத் தோன்றும். சங்குவினியா என்பது குருதி நிறத்தது என்னும் பொருளது. கப்பிற்றாற்றா என்பது தலையுடையது என்னும் பொருளது. ஆயினும் விலங்கியற் பெயரிடல் விதிகளின்படி இவையெல்லாம் இடுகுறியாகவே கொள்ளப்படும். காரணம் பொருந்தாதெனப் பின்னர்த் தெரியவந்தாலும் பெயர் மாறாது. குருதி நிறமில்லாத ஒன்று அகப்பட்டது என்பது கொண்டு சங்குவினியா என்னும் பெயரைத் தள்ளிவிட முடியாது.

அங்ஙனமாயின் பெயரைப் பொருளோடு கட்டுவது யாது? மாணாக்கர் பலர் இனத்தின் விவரணமே எனக் கருதுவர்; யானும் நெடுநாள் அவ்வாறே கருதியிருந்தேன். அது பொருந்தாது. விவரணம் குறைவுபட்டிருக்கலாம், பிழைபட்டும் இருக்கலாம். பெயரைத் தாங்கி நிற்பது ஒரு மாதிரி. அஃதாவது, பெயரிட்டவர் தம் கண்முன் வைத்து விவரித்த அந்த உயிரின் உடல். அதனை மூலமாதிரி என்போம். துணியளப்பதற்கு முழக்கோல் எத்தகையதோ, இனத்தை அளப்பதற்கு மூலமாதிரி அத்தகையது. என் கையிலுள்ள புழுவுக்கு அப்பெயர் உரியதோ என ஐயம் எழுமாயின், நூலை மட்டும் நோக்கி முடிவுசெய்தல் போதாது; மூலமாதிரியோடு ஒப்பிட்டே துணிதல் வேண்டும்.

விலங்குப் பெயர்களின் வரலாறு சுவீடன் நாட்டு இலின்னேயசு 1758 ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூற்பதிப்பிலிருந்து தொடங்குவதாக விதி வகுக்கப்பட்டுள்ளது. சாதிப்பெயர், இனப்பெயர் என இரு சொற்களால் ஓர் இனம் வழங்கப்படும். ஓரினத்துக்கு இருவர் இரு பெயர் இட்டிருப்பின், பொதுவாக முந்தியதே நிலைபெறும். இன்று வழங்கும் விதித்தொகுப்பு அதன் நான்காம் பதிப்பு. 2000 ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளது. அத்தொகுப்பின்படி, 1999 ஆம் ஆண்டுக்குப் பின் புதிய இனமொன்றை வெளியிடுவோர், பெயரைத் தாங்கும் மாதிரி இன்னதென வெளிப்படையாகக் குறித்து, அது வைக்கப்படும் இடத்தையுங் கூறுதல் கட்டாயமாகும்.

பழைய ஆசிரியர்கள் இவ்வாறு செய்திலர். மாதிரியை உலரவிட்டு இழந்தாரும், எறிந்தாரும், எங்கு வைத்தார் என்று எழுதாது விட்டாரும் உளர். முழக்கோல் தொலைந்து அளவின் பெயர் மட்டும் எஞ்சிய நிலை அது. அந்நிலையில் என்ன நேரும் என்பதற்கு ஒரு சிறு சேற்றுப் புழுவின் வரலாறு தக்க சான்றாகும்.

ஒரு பெயருள் மறைந்திருந்த பல இனங்கள்

ஒற்றோ பபிரிசியசு என்பவர் தென்மார்க்கு நாட்டுச் சமய போதகர். கிறீன்லாந்திலே சில ஆண்டுகள் பணியாற்றியவர். அந்நாட்டு விலங்குகளைப் பற்றி 1780 இல் அவர் வெளியிட்ட நூலிலே, நூல்போல் மெலிந்த ஒரு புழுவை மண்புழுச் சாதியுள் அடக்கிப் பெயரிட்டார். பிற்காலத்தார் அதனைக் கப்பிற்றெல்லா என்னும் தனிச் சாதியாக்கினர். கப்பிற்றெல்லா கப்பிற்றாற்றா எனும் அப்பெயர் காலப்போக்கில் உலகின் எல்லாக் கடல்களிலிருந்தும் அறிவிக்கப்பட்டது. கழிவுநீர் கலக்கும் துறைமுகச் சேற்றிலே பிறவுயிர்கள் மடிய இப்புழு மட்டும் பெருகுவதைக் கண்டவர்கள், கடல் மாசுற்றமைக்கு இதனை ஓர் அறிகுறியாகக் கொண்டனர். எங்கே கப்பிற்றாற்றா பெருகியதோ அங்கே மாசு உண்டு என்பது பாடநூல் வாய்பாடாயிற்று.

1969 ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்திலே, அமெரிக்காவின் மசச்சூசெற்சு மாநிலத்தில், மேற்குப் பல்மத் என்னும் ஊருக்கு அணித்தாகப் புளோரிடா என்னும் எண்ணெய்ப் படகு தரைதட்டியது. ஏறத்தாழ 7 இலட்சம் இலீற்றர் எரியெண்ணெய் கடலிற் கலந்தது. கடலடி உயிர்கள் பெருந்தொகையாக மடிந்தன. வெறுமையுற்ற சேற்றிலே கப்பிற்றெல்லாப் புழுக்கள் அளவிறந்து பெருகின. அண்மையிலிருந்த ஊட்சு கோல் நகரத்து ஆய்வாளரான பிரெடரிக்கு கிறாசிலும் யூடித் கிறாசிலும் இப்புழுக்களைக் கூர்ந்து ஆராய்ந்தனர்.

அவர்கள் கண்டது எதிர்பாராதது. புறத்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்த அப்புழுக்களின் நொதியங்களை மின்புலத்தில் நகர்த்திப் பிரித்து நோக்கியபோது, அவை ஒன்றோடொன்று கலவாத வெவ்வேறு கூட்டங்கள் எனத் தெரிந்தது. இனம் பெருக்கும் முறையும் வேறுபட்டது. சிலவற்றின் முட்டைகள் கருவூண் மிக்கன. குடம்பிகள் தாயின் குழாயினுள் வளர்ந்து, வெளிவந்தபின் சிறிது காலமே நீந்திச் சேற்றில் அமர்ந்துவிடும். வேறு சிலவற்றின் முட்டைகள் மிகச் சிறியன. குடம்பிகள் நீரில் மிதந்து இரையுண்டு நெடுநாள் அலையும். நீந்தும் பருவமே இன்றித் தாயின் குழாயிலிருந்து நேரே ஊர்ந்து வெளிவருவனவும் இருந்தன. ஒரே பெயரால் வழங்கப்பட்டவற்றுள் ஆறு இனங்களேனும் அடங்கியுள்ளன என 1976 இல் அவ்விருவரும் வெளியிட்டனர்.

இதனால் விளையும் பயனை மாணாக்கர் சிந்தித்தல் வேண்டும். மாசுற்ற ஒரு குடாவிலே கப்பிற்றெல்லா தோன்றுகின்றது என்க. குடம்பி நெடுநாள் மிதக்கும் இனமாயின், அது தொலைவிலிருந்து வந்திருக்கக்கூடும். நீந்தாத இனமாயின், அது முன்னரே அங்கே சிறுதொகையாக வாழ்ந்திருத்தல் வேண்டும். இரண்டையும் ஒரே பெயரால் எண்ணிப் பதிவுசெய்தால், அக்குடா எவ்வாறு கெட்டது, எவ்வாறு மீளும் என்பன பற்றிய கணிப்பு முழுவதும் தவறும். பெயர்ப்பிழை இங்குச் சொற்பிழை அன்று, பொருட்பிழை.

கண்டறிதல் வேறு, விவரித்தல் வேறு

ஆறு இனங்கள் உண்டெனக் கண்டவுடன் அவற்றிற்குப் பெயர் இடப்பட்டதோ எனின், இல்லை. அவற்றுள் முதலாவது ‘கப்பிற்றெல்லா இனம் 1’ என்னும் எண்ணாலேயே வழங்கப்பட்டு வந்தது. முளையவியலாரும் பரம்பரையியலாரும் மாசாராய்ச்சியாரும் அதனைத் தத்தம் ஆய்வுகூடங்களில் வளர்த்தனர். கட்டுரைகள் பல எழுதினர். ஆயினும் முறைப்படியான பெயர் அதற்குக் கிடைத்தது 2009 ஆம் ஆண்டிலேதான். பிளேக்கு, யூடித் கிறாசில், எக்கல்பாகர் ஆகிய மூவரும் அதனைக் கப்பிற்றெல்லா தெலெற்றா எனப் பெயரிட்டு விவரித்தனர். இடையில் 33 ஆண்டுகள் சென்றன.

தாமதத்தின் காரணத்தை ஆராய்வார்க்கு ஓர் இடர்ப்பாடு முதலிற் புலப்படும். புதியது புதியதே எனக் கூற வேண்டுமாயின், பழையது இன்னதெனத் தெரிதல் வேண்டும். பபிரிசியசு விவரித்த கிறீன்லாந்துப் புழுவுக்கோ ஒப்புநோக்கத்தக்க மூலமாதிரி இல்லை. அவரது விவரணமும் அக்காலத்து வழக்கப்படி மிகச் சுருங்கியது. இத்தகைய நிலைக்கு விதித்தொகுப்பு ஒரு வழி வகுத்துள்ளது. மூலமாதிரி இல்லையெனத் தெளிந்து, பெயரின் பொருளை நிலைநிறுத்தும் தேவையும் இருப்பின், இயன்றவரை முதலிடத்துக்கு அணித்தான இடத்திலிருந்து பெற்ற மாதிரியொன்றை மாற்று மூலமாதிரியாக நிறுவலாம். அதே 2009 ஆம் ஆண்டிலே, பிளேக்கு மேற்குக் கிறீன்லாந்துப் புழுவொன்றை அவ்வாறு நிறுவி, கப்பிற்றாற்றா என்பது இன்னதென மீண்டும் விவரித்தார். தொலைந்த முழக்கோலுக்கு ஈடாக வேறொன்று கிடைத்தது. தெலெற்றாவின் முழுப் பரம்பரைத் தொகுதியும் வாசிக்கப்பட்டு 2013 இல் வெளியானபோது, அது பெயருடைய ஓர் இனத்தின் தொகுதியாக வெளியாயிற்று.

மீண்டும் அப்போத்தலுக்கு

இனி, எமது ஆய்வுகூடத்துப் புழுவுக்கு வருவோம். மார்பைசா சங்குவினியாவை இங்கிலாந்தின் தெவன் கரையிலிருந்து மொன்றேகு என்பவர் 1813 இல் விவரித்தார். அப்பெயரும் பிற்காலத்தில் உலகெங்கும் பரவியது. இதற்குச் சுட்டிகளும் ஒரு காரணம். பொலிக்கீற்றாப் புழுக்களைப் பற்றி நம்மவர் பெரிதும் பயன்படுத்திய நூலை எழுதிய பிரெஞ்சு அறிஞர் போவெல், பிரான்சு நாட்டுப் புழுக்களைப் பற்றி 1923 இலும் 1927 இலும் எழுதியவர். இந்தியா, இலங்கை முதலிய நாடுகளின் புழுக்களைப் பற்றி 1953 இல் எழுதியவரும் அவரே. அவர் காலத்து அறிஞர் பலர், புழுவினங்கள் பல எல்லாக் கடல்களுக்கும் பொதுவானவை எனக் கருதினர். அதனாற் குளிர்க்கடலின் பெயர் வெப்பக்கடலின் புழுவுக்கு ஏறியது. அவர்களைக் குறை கூறுதல் எனது நோக்கமன்று. கப்பலேறிச் சென்று ஒப்பிட வேண்டியிருந்த காலத்திலே, கிடைத்த சில மாதிரிகளைக் கொண்டு ஒரு சமுத்திரத்தையே ஒழுங்குபடுத்தியவர்கள் அவர்கள்.

2003 இல், அவுத்திரேலிய அரும்பொருட்சாலையைச் சேர்ந்த ஹச்சிங்சு அம்மையாரும் உடனாய்வாளர் ஒருவரும் சங்குவினியாவுக்கு மாற்று மூலமாதிரி நிறுவி, அதன் இலக்கணத்தை வரையறுத்தனர். வரையறுத்தபின் குயின்சுலாந்தின் மோற்றன் குடாவில் தூண்டிலிரையாகப் பிடிக்கப்பட்டு வந்த புழுவை ஒப்பிட்டபோது, அது வேறினம் எனத் தெளிந்து, மார்பைசா முல்லாவா எனப் பெயரிட்டனர். நமக்கு அணித்தான கடலிலும் இத்தகைய ஆய்வு நிகழ்ந்துள்ளது. சென்னைக்கு அண்மையிலுள்ள கழிமுகத்துப் புழுவொன்று 2020 இல் மார்பைசா மதராசி என்னும் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. உயிரோடு விற்கப்படும் பண்டமாகவும் இறாற்பண்ணைக்கு உணவாகவும் வழங்குகின்ற புழுக்களே இந்நிலையின என்றால், எவரும் தோண்டிப் பாராத சேற்றின் நிலையை ஊகித்துக் கொள்ளலாம்.

புதிய இனத்தை விவரிக்குமாறு

இவ்வரலாறுகளை நோக்கி, புதிய இனமொன்றை விவரிக்க முற்படுவோன் செய்யத்தக்கவற்றை முறைப்படுத்திக் கூறுவேன்.

முதலாவது, சேகரித்தல். சேற்றை அரை மில்லிமீற்றர்க் கண்ணுடைய அரிதட்டில் இட்டுக் கடல்நீரால் மெல்ல அலசுக. இடம், நாள், நீரின் ஆழம், சேற்றின் தன்மை, உயிரோடிருக்கும்போது காணும் நிறம் ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுதுக. நிறம் பின்னர் வெளிறிவிடும், நினைவும் அவ்வாறே.

இரண்டாவது, மயக்குதல். உயிருள்ள புழுவை நேரே போமலினில் இட்டால் அது முறுகிச் சுருங்கும், துண்டுபடுதலும் உண்டு. மகனீசியங் குளோரைட்டுக் கரைசலில் முதலில் வைத்து, தொட்டாலும் அசையாத நிலை வந்தபின்னரே பதப்படுத்துதல் வேண்டும்.

மூன்றாவது, பதப்படுத்தல். உடலமைப்பை நோக்குதற்குப் போமலின் சிறந்தது. பின்னர் 70 சதவீத அற்ககோலுக்கு மாற்றலாம். ஆனால் போமலின் டி.என்.ஏ. யைச் சிதைக்கும். ஆதலின் முதலிலேயே உடலின் சிறு துண்டொன்றையோ வேறொரு புழுவையோ 95 சதவீத அற்ககோலில் தனியே வைத்தல் வேண்டும். இரண்டும் ஓரிடத்தன என்பதைச் சீட்டு உணர்த்துதல் வேண்டும்.

நான்காவது, நோக்குதல். துண்டங்களை எண்ணுக, எவ்வுறுப்பு எத்துண்டத்தில் தொடங்கி எத்துண்டத்தில் முடிகின்றது எனக் குறிக்க. சிலிர்முட்களைக் கண்ணாடித் தட்டில் ஏற்றி நுனியை நோக்குக. கப்பிற்றெல்லாக் குடும்பத்தில் மெதயிற் பச்சைச் சாயம் ஊட்டினால், துண்டங்கள் சாயத்தை ஏற்கும் வகை இனத்துக்கினம் வேறுபடும். வெற்றுக்கண்ணுக்குத் தோன்றாத வேற்றுமையை இவ்வெளிய முறை வெளிப்படுத்தும்.

ஐந்தாவது, ஒன்றோடு அமையாமை. குழந்தையின் பல்லை எண்ணி மனிதனின் பல் இத்துணை எனக் கூறுதல் தகுமோ? மார்பைசாப் புழுவிலும் பூக்களின் தொகையும் அவை தொடங்கும் இடமும் வளர்ச்சியோடு மாறுவன. சிறியதும் பெரியதுமாகப் பலவற்றை நோக்கியே எது வளர்ச்சியின் வேறுபாடு, எது இனத்தின் வேறுபாடு எனத் துணிதல் வேண்டும்.

ஆறாவது, ஒப்பிடுதல். இதுவே மிகக் கடினமானதும் மிக இன்றியமையாததுமாகும். அண்டை நாட்டு இனங்களோடு மட்டுமன்றி அச்சாதியின் எல்லா இனங்களோடும் ஒப்பிடுதல் வேண்டும். இலத்தீனிலும் செருமானியத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்ட பழைய விவரணங்களைத் தேடிப் படித்தல் வேண்டும். ஐயமுற்ற இடத்து மூலமாதிரியையே வருவித்தோ சென்றோ காணுதல் வேண்டும். பரம்பரையலகுகளின் ஒப்பீடு இன்று பெருந்துணையாகும். ஆயினும் ஒப்பிடப்படும் தரவின் மேல் எழுதியுள்ள பெயர் பிழையாயின், அவ்வொப்பீடும் பிழையையே பெருக்கும்.

ஏழாவது, வெளியிடுதல். முழு விவரணத்தோடு, நெருங்கிய இனங்களிலிருந்து எவ்வாற்றால் வேறுபடுகின்றது என்னும் சுருக்கக் குறிப்பும், வரைபடங்களும், மூலமாதிரியின் இருப்பிடமும் தருதல் வேண்டும். ஏனைய மாதிரிகளைத் துணைமாதிரிகளாகக் குறித்து வெவ்வேறு அரும்பொருட்சாலைகளில் வைத்தல் நன்று. ஓரிடம் எரிந்தாலும் மற்றோரிடத்தில் எஞ்சும்.

நமது கடலும் நமது கடனும்

இலங்கைக் கரையின் புழுக்கள் முற்றும் ஆராயப்படாதன அல்ல. 1853 முதல் 1857 வரை உலகைச் சுற்றிய சிமாடா என்னும் அறிஞர், இங்கு பெற்ற புழுக்கள் பலவற்றை 1861 இல் வெளியான நூலில் விவரித்தார். 1902 இல் முத்துச்சிப்பியின் நிலையை ஆராய வந்த பேராசிரியர் ஹேட்மன் மன்னார்க் குடாவிலும் பிறவிடங்களிலும் சேர்த்த புழுக்களை, கொழும்பு அரும்பொருட்சாலையின் பணிப்பாளராயிருந்த ஆதர் வில்லி ஆராய்ந்து, 1905 இல் அறிக்கை வெளியிட்டார். ஈழத்தின் உயிர்களைப் பற்றிய ‘இசுப்போலியா சைலானிக்கா’ என்னும் ஆய்விதழை 1903 இல் தொடங்கியவரும் அவரே.

அவ்வறிக்கைகளிலுள்ள பெயர்களை அப்படியே ஒப்புவித்தல் கற்றலாகாது. அவற்றுள் இக்கடலுக்கே உரியன எவை, பிறநாட்டுப் பெயரை இரவல் வாங்கியன எவை எனப் பிரித்தறிதல் இனிவருவோர் பணியாகும். முற்காலத்தில் இப்பணி இங்கிருந்து செய்ய அரிதாயிருந்தது. மூலமாதிரிகளும் நூல்களும் அயல்நாடுகளிலேயே இருந்தன. இன்று பழைய நூல்கள் பல கணினி வழியே எவரும் படிக்கக் கிடைக்கின்றன. கடலுயிர்களின் பெயர்ப் பேரேடும் அவ்வாறே பொதுவில் உள்ளது. மாதிரிகளோ இன்றும் சேற்றிலேயே உள்ளன. அவற்றைத் தோண்டுவதற்கு நமது களப்புக்கு அண்மையில் வாழும் மாணவனினும் வாய்ப்புடையார் எவர்?

முடிவுரை

“அங்கிருந்து இங்கே எப்படி வந்தது?” என அம்மாணவன் வினாவியபோது, அவன் அறியாமலேயே ஆராய்ச்சியின் வாயிலில் நின்றான். குளிர்ந்த தெவன் கரைக்கும் வெப்பமான நமது களப்புக்கும் ஒரே புழு எங்ஙனம் பொதுவாகும் என்னும் ஐயமே 2003 ஆம் ஆண்டு ஆய்வைப் போன்ற ஆய்வுகளுக்கெல்லாம் வித்து. யான் ஒரு பெயரைச் சொல்லி அவ்வையத்தை அடைத்துவிட்டேன். பெயர் கிடைத்ததும் பொருளை அறிந்துவிட்டோம் என எண்ணுதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பொதுவான மயக்கம்.

இன்று அப்போத்தல் என் கைக்கு வருமாயின், பழைய சீட்டைக் கிழித்தெறியாமல் அதன் கீழே புதியதொன்றை ஒட்டி, “மார்பைசா, இனம் துணியப்படவில்லை” என எழுதுவேன். அதற்கு மேல் எழுத என்னால் இயலாது. எவ்விடத்துச் சேறு, எந்நாள் எடுத்தது என்பவற்றை யான் அன்று குறித்திலேன். போமலினிலே நெடுங்காலம் கிடந்த உடலிலிருந்து டி.என்.ஏ. பெறுதலும் அரிது. அப்புழுவுக்குரிய பெயர் அதற்கு இனிக் கிடைக்குமென நம்புதற்கில்லை. ஆயினும் அதன் இனத்தார் களப்பிலே இருத்தல் கூடும். இம்மலரைப் படிக்கும் மாணவன் ஒருவன், வற்றுக்காலத்தில் ஒரு மண்வெட்டியும் அரிதட்டும், அற்ககோலுக்கு ஒரு போத்தலும் போமலினுக்கு ஒரு போத்தலும், ஒரு பென்சிலும் குறிப்புப் புத்தகமும் கொண்டு அங்கே செல்வானாயின், முதலில் நாளையும் இடத்தையும் எழுதுக. பெயரை இறுதியில் எழுதுக.